சோழமண்டலம் ஓவியர் கிராமம்

சென்னையின் தென்பகுதியான ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள கலைஞர் குடியிருப்பு. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் உருவானது. ஓவியம் மட்டும் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. கலைஞர்கள் பாத்திக் துணிகள் செய்து விற்றார்கள். நிலம் வாங்கவும் கைவினை வருமானமே கைகொடுத்தது. பாத்திக்கில், உருகிய மெழுகால் துணியில் வரைந்து சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஏறாது. மெழுகு விரிசல் விட்ட இடங்களில் சாயம் கசிந்து நரம்புபோல் கோடுகள் ஓடும். ஓவியனின் கைக்கு அடங்காத இந்தக் கோடுகளே பாத்திக்கின் அழகு. ஓவியர் கிராம வளாகத்தின் அருங்காட்சியகம் 2009இல் திறக்கப்பட்டது. சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகள் அங்கு நிரந்தரமாக உள்ளன. பக்கத்துச் சிறு கூடங்களில் வெளிக் கலைஞர்களும் கண்காட்சி நடத்துகிறார்கள்.