ஆண்டறிக்கையில் ஆசிரியர் வரலாறு

கல்லூரியொன்றின் ஆண்டிறுதி பல கருமங்கள் ஒருங்கே நிகழுங் காலமாகும். இறுதித் தவணைப் பரீட்சை, வகுப்பேற்றம், மன்றங்களின் ஆண்டுக் கூட்டம், பிரியாவிடை, பரிசளிப்பு விழா ஆயத்தம் என அவை ஒன்றையொன்று தொடர்ந்து வருவன. சைவக் கல்லூரிகளில் இவற்றோடு கார்த்திகை மாதத்து நாவலர் குருபூசையும் மார்கழித் திருவெம்பாவையுஞ் சேரும். இவையாவும் ஈற்றில் அதிபரின் ஆண்டறிக்கையிற் பதிவாகின்றன. அவ்வறிக்கை வாசிக்கப்படும்பொழுது, பரீட்சைப் பெறுபேறுகளைக் கூறும் பகுதியைப் பெற்றோர் கூர்ந்து கேட்பர். விளையாட்டு வெற்றிகளைக் கூறும் பகுதிக்கு மாணவர் கைதட்டுவர். இவ்விரண்டுக்கும் இடையே நாலைந்து வரிகளில் ஆசிரியர் குழாத்தைப் பற்றிய செய்தி வரும். இன்னார் இளைப்பாறினார், இன்னார் மாற்றம் பெற்றுச் சென்றார், இன்னார் புதிதாய் வந்து சேர்ந்தார் என்பதே அதன் வாய்பாடு. கேட்போரிற் பெரும்பாலார் அதனை மனங்கொள்வதில்லை.

எனினும், யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை ஆராய்வார்க்கு அந்த நாலைந்து வரிகளே தலையாய சான்றாகும். ஓரிடத்தினின்று ஓர் ஆசிரியர் நீங்கியமை பிறிதோரிடத்தில் ஒரு பாடசாலை தோன்றுதற்குக் காரணமாயிற்று என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகள் ஒருமுறையன்றிப் பலமுறை காட்டுகின்றன. அந்நிகழ்ச்சிகள் சிலவற்றை முறையே நோக்கி, ஆண்டறிக்கையின் இப்பகுதி எவ்வாறு எழுதப்படல் வேண்டும் என்பதைக் கருதுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆண்டிறுதி என ஒன்று இருந்ததில்லை. விசயதசமியில் ஏடு தொடக்கிய பிள்ளை, ஆத்திசூடி முதல் நிகண்டு ஈறாக ஒரு நூலை முடித்தபின் அடுத்த நூலைத் தொடங்குவான். அவன் கல்வியை அளந்தது நூலேயன்றி ஆண்டு அன்று. ஆசிரியரும் ஒருவரே. அவர் நீங்கின் பள்ளியும் நீங்கும். அறிக்கை எழுதுதற்கு அங்கே தேவையே எழவில்லை.

ஆண்டுதோறும் பரீட்சை வைத்து, அறிக்கை அச்சிட்டு, ஆசிரியர் பெயர்களை நிரல்படுத்தும் வழக்கம் மிசனரிமாரின் கல்விக்கழகங்களோடு வந்தது. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே செமினரி என வழங்கிய உயர்கல்விக் கழகத்தை நிறுவினர். தானியேல் பூவர் அதன் முதல் தலைவர். கணிதம், வானநூல், இயற்கைத் தத்துவம் முதலியன ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. தமிழும் முறையாகப் பயிற்றப்பட்டது. அங்கு நடந்த பரீட்சைகளைக் காண வெளியார் அழைக்கப்பட்டனர். கழகத்தின் அறிக்கைகள் அச்சிடப்பட்டுக் கடல் கடந்து பொருளுதவியோரிடஞ் சென்றன. மாணவர் பலர் நெவின்ஸ், கறல், ஆர்ணல்ட் என்றவாறு அந்நியப் பெயர்களைத் தாங்கியமையும் இத்தொடர்பு பற்றியேயாம். பொருளுதவிய அமெரிக்கரின் பெயர்கள் அவ்வாறு இடப்பட்டன. ஆகவே, ஆண்டறிக்கை என்பது இந்நாட்டிற் பிறந்தபொழுது பணம் கொடுத்தோருக்குக் காட்டும் கணக்காகவே பிறந்தது. ஆசிரியர் பெயர்கள் அதில் இடம்பெற்றது அக்கணக்கின் ஒரு கூறாகவே.

இக்கணக்குக்குள் அடங்காத முதற் பெரும் பிரிவு 1848ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மத்திய பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுகம்பிள்ளை. அவர் அவ்வாண்டில் அப்பதவியைத் துறந்தார். பாடசாலையின் பதிவேட்டில் அது ஓர் ஆசிரியர் விலகிய செய்தி. நாட்டு வரலாற்றிலோ அது ஒரு காலத்தின் தொடக்கம். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. மிசன் பாடசாலையில் அவர் கண்ட வகுப்புமுறை, பாடநூல், அச்சியந்திரம் ஆகிய கருவிகளெல்லாம் சைவத்துக்கும் தமிழுக்கும் பணிபுரியத் தொடங்கின. பாலபாடங்கள் எழுந்தன, இலக்கண வினாவிடைகள் எழுந்தன, பெரியபுராண வசனம் எழுந்தது. மாதவேதனம் நிச்சயமாயிருந்த ஓரிடத்தை விட்டு, வீடுதோறும் பிடியரிசி பெற்றுப் பாடசாலை நடத்தும் நிலைக்கு அவர் தாமாகவே வந்தார் என்பதே அச்செயலின் பெருமையாகும். நாவலர் 1879ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 5ஆம் நாள், கார்த்திகை மகத்திற் சிவபதமடைந்தார். ஆண்டிறுதியிற் சைவக் கல்லூரிகள் எடுக்கும் அவர் குருபூசை, ஒருவகையில், பதவி துறந்த ஓர் ஆசிரியரின் நினைவு நாளேயாம்.

இரண்டாவது பிரிவு 1855ஆம் ஆண்டிற்கு உரியது. அமெரிக்க மிசன் சபையின் செயலாளராயிருந்த ரூபஸ் அண்டர்சன் அவ்வாண்டில் யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கிலக் கல்வி இளைஞரைச் சமயப் பணியினின்று அரச உத்தியோகத்துக்கு ஈர்த்துச் செல்கின்றது என்பதும், தாய்மொழிக் கல்வியே சபைக்கு ஏற்றது என்பதும் அவர் கொள்கை. அதன் பயனாக வட்டுக்கோட்டைச் செமினரி அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டு நிலவிய கழகம் அவ்வாறு முடிவெய்தியது.

ஆனால் அதன் ஆசிரியரும் மாணவரும் அதனோடு முடியவில்லை. அங்குக் கற்பித்த கறல் விசுவநாதபிள்ளை, கழகம் மூடப்பட்ட அதே 1855ஆம் ஆண்டில் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அவரும், அங்குக் கற்றுக் கோப்பாயில் ஆசிரியராயிருந்து சென்னை சென்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1857ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் கலைமாணிப் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை பின்னர் வீரசோழியம், இறையனார் அகப்பொருள், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றை ஏட்டினின்று அச்சுக்குக் கொணர்ந்தமை தமிழுலகம் அறிந்தது. ஏழாலையிலும் அவர் ஒரு பாடசாலை நிறுவினார். ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை உதயதாரகைப் பத்திரிகையை நடத்திப் பாவலர் சரித்திர தீபகம் எழுதினார். வட்டுக்கோட்டையிலேயே 1872ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியதற்கும் பழைய மாணவரின் வேண்டுகோள் ஒரு காரணமாயிருந்தது. கட்டடம் பூட்டப்பட்டபின்னும் கல்வி நடந்துகொண்டேயிருந்தது எனலாம்.

இதே காலத்தை அடுத்து, ஆண்டிறுதி என்பதன் பொருளையே மாற்றிய ஓர் ஏற்பாடும் வந்தது. 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் பொதுப்போதனைப் பகுதி நிறுவப்பட்டது. அதனையடுத்து உதவி நன்கொடை, பெறுபேற்றின்படி வழங்கப்படலாயிற்று. வித்தியாதரிசி ஆண்டுக்கொருமுறை வந்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையையும் பரீட்சிப்பார். சித்தியெய்திய பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பாடசாலைக்குப் பணங் கிடைக்கும். பரீட்சை நாளிற் காய்ச்சலாற் படுத்த பிள்ளை பாடசாலைக்கு நட்டம். தடுமாறி வாசித்த பிள்ளையும் நட்டம். ஆசிரியரின் ஊதியம் இப்பணத்தை எதிர்நோக்கியிருந்த இடங்களில், ஆண்டுமுழுதும் அவர் செய்த பணி ஒரு நாட்பொழுதிலே விலை மதிக்கப்பட்டது. குறித்த வாசகத்தை மனப்பாடஞ் செய்வித்தலும், பரீட்சைக்கு உதவாதவற்றைக் கைவிடுதலும் இவ்வேற்பாட்டின் விளைவுகளாம். அம்முறை மறைந்து நெடுங்காலமாயிற்று. எனினும், பரீட்சைப் பெறுபேறு ஒன்றையே கொண்டு பாடசாலையையும் ஆசிரியரையும் அளக்கும் மனப்பான்மை அதனோடு மறைந்ததெனக் கூறுதல் அரிது. ஆண்டறிக்கையிற் பெறுபேற்றுப் பகுதி பக்கக்கணக்கில் விரிய, ஆசிரியர் பகுதி வரிக்கணக்கிற் சுருங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதாக, இந்துக் கல்லூரி மரபின் தோற்றத்தை நோக்குவோம். வட்டுக்கோட்டையிற் கற்று அங்கேயே கற்பித்தவருள் ஒருவர் நெவின்ஸ் முத்துக்குமாரு சிதம்பரப்பிள்ளை. நியாய இலக்கணம் என்னும் தருக்க நூலின் ஆசிரியர் அவர். அவர் 1886ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நகரிற் சுதேச நகர உயர்தரப் பாடசாலையைத் தொடங்கினார். 1889ஆம் ஆண்டில் அது அத்துவக்காத்து நாகலிங்கத்தின் முகாமைக்கு மாறியது. முந்திய ஆண்டிலே தோன்றியிருந்த சைவபரிபாலன சபை, அப்பாடசாலையை அடியாகக் கொண்டு, 1890ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் இந்து உயர்தரப் பாடசாலையை ஏற்படுத்தியது. அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. நெவின்ஸ் என்னும் பெயரையே தாங்கிய செல்வத்துரை அதன் முதற் காலத்து அதிபராக நெடிது பணிபுரிந்தார். கிறித்தவக் கழகமொன்று அமெரிக்கக் கொடையாளர் பொருட்டு இட்ட பெயர் இந்துக் கல்லூரியொன்றின் அதிபர் பெயராக நிலைத்தமை, ஆசிரியர் வழிவந்த தொடர்பைக் காட்டும் நல்ல சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இத்தொடர்பு வேறு உருவங் கொண்டது. 1923ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சைவ வித்தியாவிருத்திச் சங்கம், இராசரத்தினம் அவர்களின் முயற்சியால் ஊர்தோறும் பாடசாலைகளை நிறுவியது. பாடசாலை நிறுவுதல் எளிது. கற்பிக்கத் தகுந்தோரைப் பெறுதலே அரிது என்பதை அச்சங்கத்தார் விரைவில் உணர்ந்தனர். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே சைவாசிரிய கலாசாலை எழுந்தது இக்குறையை நீக்குதற்கே. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அங்கு நெடுங்காலம் ஆசிரியராயிருந்தார். அவரிடம் பயின்று வெளியேறியோர் சிற்றூர்ப் பாடசாலைகளிலே தமிழையும் சைவத்தையும் பரப்பினர்.

1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் முகாமைக்குள்ளாயின. ஆசிரியரை நியமித்தலும் மாற்றுதலும் முகாமையாளர் கையினின்று வித்தியாபகுதிக்குச் சென்றன. முகாமையாளரின் விருப்புவெறுப்புக்கு ஆசிரியர் ஆளாகும் நிலை இதனால் நீங்கியது. தொலைவிலுள்ள பாடசாலைகளும் பயிற்றப்பட்ட ஆசிரியரைப் பெற வழி பிறந்தது. அதேவேளை, ஒரு கல்லூரியிலே இளைஞராய்ச் சேர்ந்து முதுமையில் இளைப்பாறும் ஆசிரியர் தலைமுறையும் அருகலாயிற்று. அத்தகையோர், தந்தைக்கும் மகனுக்கும் ஒரே கரும்பலகையிற் கணக்குக் கற்பித்தவர். கல்லூரியின் நினைவே அவரிடத்திலிருந்தது. மாற்றங்கள் மிக, அந்நினைவை ஏடு தாங்கவேண்டியதாயிற்று.

ஏட்டுக்கும் ஆபத்து வந்தது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு கிடைத்தற்கரிய ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். பாடசாலைகள் தென்மராட்சியிலே பிற பாடசாலைகளின் கட்டடங்களில் மாலைவேளைகளில் நடந்தன. அங்கே நூலகம் இல்லை, ஆய்வுகூடம் இல்லை, சில இடங்களில் இருக்கவும் வாங்கில்லை. ஆசிரியரும் மாணவரும் கூடியதனால் மாத்திரம் அவை கல்லூரி என்னும் பெயரைக் காத்தன. கட்டடமே கல்லூரி என எண்ணியோர்க்கு அக்காலம் தக்க விடை கூறியது. ஆனால் அம்மாதங்களில் யார் யார் கற்பித்தனர், எத்துணைத் தொலைவு நடந்து வந்தனர், எப்பாடத்தை எவ்வாறு முடித்தனர் என்பவை அவ்வக் கல்லூரியின் அறிக்கையில் எழுதப்பட்டிருந்தாலன்றிப் பின்னோர் அறியார்.

இதுவரை கூறியவற்றினின்று ஒரு முடிவு பெறப்படும். பெறுபேறுகளை அரசின் பரீட்சைப் பகுதியும் காத்துவைக்கும். விளையாட்டு வெற்றிகளைப் பத்திரிகைகளும் வெளியிடும். ஆசிரியரின் வருகையையும் பிரிவையும் முழுமையாகப் பதிதற்குரிய இடம் கல்லூரியின் ஆண்டறிக்கையும் ஆண்டு மலருமேயாம். ஆதலின், இளைப்பாறினார் என்னும் ஒரு சொல்லோடு அமையாது, அவர் எவ்வாண்டு வந்தார், எப்பாடங் கற்பித்தார், எம்மன்றத்தைப் பேணினார், எந்நூலை அல்லது எக்கருவியை ஆக்கிவைத்தார், அவருக்குப்பின் அப்பணியை யார் ஏற்றார் என்னும் ஐந்து செய்திகளையாவது எழுதுதல் வேண்டும். ஓராசிரியருக்கு ஐந்து வரி போதும். ஆண்டுக்கு ஒரு பக்கத்துக்கு மேற் செல்லாது. பழைய மாணவர் சங்கங்கள், தம்மிடமுள்ள பழைய மலர்களைத் திரட்டிப் படியெடுத்து, விடுபட்டவற்றை மூத்தோரிடம் கேட்டு நிரப்புதலும் இன்றியமையாதது. அவ்வாறு அறிந்த மூத்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

1848ஆம் ஆண்டில் விலகிய ஆசிரியர் எத்தகையவர் என்பதை அவ்வாண்டில் எத்துணைப்பேர் அறிந்திருப்பர்? இவ்வாண்டு வந்தோருள்ளும் சென்றோருள்ளும் எவர் பணி ஐம்பது ஆண்டின்பின் பெரிதாய்த் தோன்றும் என நாமும் இன்று துணிதல் இயலாது. அதனாலேயே ஒருவரையும் விடாது எழுதிவைத்தல் நம் கடனாகின்றது.