வீட்டுப் புனரமைப்பில் பழம்பொருள் மறுபயன்பாடு (ஹேடோ)

பழைய வீட்டைப் புதுப்பிக்கையில் கழற்றப்பெறும் மரம், தகடு, செங்கல் முதலியவற்றை மீண்டும் கட்டடத்திலேயே உபயோகிக்கும் முறை. அந்தமானில் போர்ட் பிளேரின் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) துறைமுகப் பகுதியான ஹேடோவுக்குச் சிமெண்டும் இரும்பும் கடல் கடந்தே வர வேண்டியிருப்பதால், இம்முறை ஆங்கு விசேஷ முக்கியத்துவம் பெறுகின்றது.

பொருள்களுள் தலையாயது மரம். ஹேடோவை அடுத்துப் பாலத்தால் இணைந்த சாத்தம் தீவில் 1883-இல் நிறுவப்பெற்ற அறுவை ஆலை, படாக் முதலிய உயர்ந்த மரங்களை அறுத்து வழங்கிவந்தது. பழைய படாக் உத்தரத்தின் ஆணிகளைப் பிடுங்கி, உளுத்த முனைகளை அறுத்து நீக்கி, இழைப்புளி இட்டால், மேற்பரப்பின் கருமை அகன்று உள்ளிருக்கும் செந்நிறம் புலப்படும். அதனை நிலைக்கும் ஜன்னற் சட்டத்துக்கும் மீண்டும் இழைத்துக்கொள்ளலாம். நெளிதகடோ உப்புக்காற்றில் துருவேறி, ஆணித்துளைகளும் அகன்றுவிடுவதால், கூரைக்கு உதவாது வேலி அடைப்புக்கே ஏற்றதாகும்.

செங்கல் மறுபயன்பாட்டுக்குப் போர்ட் பிளேரிலேயே ஒரு பழைய நிகழ்வு உண்டு: 1906-இல் அங்குக் கட்டிமுடிக்கப்பெற்ற செல்லுலர் சிறையின் இடிக்கப்பெற்ற பகுதிகளின் செங்கற்கள், ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் (1942–45) பதுங்கு அரண்களுக்குப் பயன்பட்டன. யுத்த நிர்ப்பந்தத்தால் நேர்ந்த அதனைச் சிக்கனத்துக்கு முன்மாதிரியாகக் கொள்வது தகாது.

உச்ச நீதிமன்றம் 2002 மே 7-ஆம் நாள் தீவுகளில் மரம் வெட்டுவதையும் கடற்கரை மணலெடுப்பையும் கட்டுப்படுத்தியமையால், பழைய மரத்தின் மதிப்பு பெருகிற்று. இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டுக் கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள், கான்கிரீட், மண் முதலியவற்றைத் தனித்தனியே பிரித்துச் சேர்க்கும் பொறுப்பை உரிமையாளரிடமே ஒப்படைத்தன.