வில் வண்டி முதல் ஸ்போர்ட் ஸ்பிரிங் வரை



பள்ளி விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன்பு, முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் என்னைக் காண வந்திருந்தார். மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு நாள்தோறும் போய்வரப் பழைய புரோட்டோன் விரா ஒன்றை வாங்கியிருக்கிறான். முதல் சம்பளத்தில் ‘ஸ்போர்ட் ஸ்பிரிங்’ மாட்டி வண்டியைத் தாழ்த்தப் போகிறானாம். அப்சோபரை மட்டும் தொழிற்சாலையில் வந்தபடியே விட்டுவிடுவானாம். கையில் அவ்வளவுதான் பணம்.

“ஐயா, ஆறாம் ஆண்டில் உங்களிடம் படித்தவன். நான் சொன்னால் கேட்கமாட்டான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ரௌடி வண்டி என்று ஊர் பேசும்” என்றார்.

அவர் அஞ்சியது ஊர்ப்பேச்சுக்கு. நான் அஞ்சியது அந்தப் பழைய அப்சோபருக்கு. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன், வண்டிக்கு வில் வந்த கதையைப் பார்த்துவிடுவோம். அக்கதையை அறியாமல் அந்தப் பையனோடு பேசுவதில் பயனில்லை.

வில் வந்த கதை

செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற ஊர் பிரிக்பீல்ட்ஸ். 1880களில் கோலாலம்பூர் செங்கல் நகரமாக மாறத் தொடங்கியபோது பாரம் சுமந்தவை மாட்டு வண்டிகளே. கட்டை வண்டியில் சக்கரத்துக்கும் பாரத்துக்கும் இடையே தாங்குவதற்கு எதுவும் இல்லை. சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி முழுவதும் ஏறியிருப்பவரின் முதுகெலும்புக்கு வந்து சேரும்.

எஃகுப் பட்டைகளை வில்லைப் போல் வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் பொருத்தியபோது வில் வண்டி பிறந்தது. இங்கிலாந்தில் ஒபடையா எலியட் என்பவர் 1804இல் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் குதிரை வண்டிகளின் எடையும் உலுக்கலும் குறைந்தன. நம் ஊர்ப்பக்கம் வில் வண்டி என்பது வசதி படைத்தவரின் அடையாளமாயிற்று.

அந்த அடையாளத்தின் பொருளை நன்கு உணர்ந்தவர் அய்யன்காளி. திருவிதாங்கூரில் புலையர் சமூகத்தார் பொதுச்சாலையில் வண்டியேறிச் செல்ல இயலாதிருந்த காலம் அது. 1893இல் வெங்ஙானூரைச் சேர்ந்த அவர் ஒரு வில் வண்டியை விலைக்கு வாங்கி, அதில் ஏறித் தடை செய்யப்பட்ட சாலையில் சென்றார். எதிர்த்து வந்தவர்களையும் எதிர்கொண்டார். அவ்வண்டி அவருக்குச் சொகுசுப் பொருளாக இருக்கவில்லை. ‘நானும் இச்சாலைக்கு உரியவன்’ என்னும் அறிவிப்பாக இருந்தது.

தாழ்ந்த வண்டியின் வரலாறு

வண்டியைத் தாழ்த்தும் வழக்கத்திலும் இதன் சாயல் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின், கலிபோர்னியாவில் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, வில்லை அறுத்தும் பின்பெட்டியில் மணல் மூட்டை ஏற்றியும் வண்டியைத் தாழ்த்தினர். தெருக்களில் மெதுவாக ஊர்ந்து சென்றனர். அரசு 1958இல் சட்டம் கொண்டுவந்தது. காரின் எப்பகுதியும் சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கக்கூடாது என்றது. மறு ஆண்டே ரான் அகீர்ரே என்பவர் நீரழுத்தக் கருவியைத் தம் காரில் பொருத்தி, வேண்டும்போது உயர்த்தவும் தாழ்த்தவும் வழி கண்டார். அந்த மாநிலமே 2023இல், இத்தகைய கார்களுக்கும் அவற்றின் ஊர்வலங்களுக்கும் எதிரான கட்டுப்பாடுகளை நீக்கும் சட்டத்தை இயற்றியது. ‘ரௌடி வண்டி’ என்று ஒதுக்கப்பட்டது பண்பாட்டின் பகுதியாக ஏற்கப்பட அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

நம் நாட்டில் இளைஞர் கைக்குக் கார் எட்டியது தேசியக் கார்களால்தான். 1983இல் புரோட்டோன் நிறுவப்பட்டது. 1985 ஜூலையில் சாகா வெளிவந்தது. 1993இல் விராவும், 1994இல் பெரோடுவாவின் கஞ்சிலும் வந்தன. சில ஆண்டுகளில் இவை இரண்டாம் கைக்கு வந்தபோது, தோட்டத்திலிருந்து நகருக்குப் பெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் முதல் கார் இவற்றுள் ஒன்றாகவே இருந்தது. எல்லார் வீட்டு வாசலிலும் ஒரே விரா நின்றால், ‘இது என் விரா’ என்று காட்டுவது எப்படி? ரிம்மை மாற்றலாம், வண்டியைத் தாழ்த்தலாம். அவ்வளவுதான் அவர்களுக்கு எட்டியது.

அய்யன்காளியின் போராட்டமும் ஸ்போர்ட் ஸ்பிரிங்கும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தன்னை ஒருவர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கத்தை ரௌடித்தனம் என்று பெயரிட்டு நாம் ஒதுக்கிவிட்டால், அதன்பின் நாம் சொல்லும் அறிவியல் அந்தப் பிள்ளையின் காதில் ஏறாது.

வில்லுக்குத் துணை

இனி அறிவியலுக்கு வருவோம். வில்லின் நீட்சி அதன்மேல் செலுத்தும் விசைக்கு ஏற்ப அமையும் என்பதை இராபர்ட் ஹூக் 1678இல் விளக்கி வெளியிட்டார். இடைநிலைப் பள்ளி இயற்பியலில் நம் பிள்ளைகள் படிக்கும் விதி அது. வில் அடியை வாங்கிச் சேர்த்து வைக்கிறது. பின்னர் அதைத் திருப்பித் தருகிறது. தடுக்க ஆளில்லாவிட்டால் வண்டி ஊஞ்சல் போல் ஆடிக்கொண்டே போகும். மாட்டு வண்டியின் வேகத்தில் அது பொருட்டில்லை. மோட்டார் வண்டி வந்தபோது அதுவே ஆபத்தாயிற்று.

எனவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லுக்கு ஒரு துணை தேடினர். முதலில் உராய்வுத் தட்டுகள் வந்தன. பிறகு எண்ணெய் நிறைந்த குழாய் வந்தது. அதுவே நாம் அப்சோபர் என்று அழைப்பது. உள்ளே ஒரு தண்டு சிறு துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளி, வில்லின் ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குகிறது. ஏர்ல் மெக்ஃபர்சன் என்னும் பொறியாளர் இவ்விரண்டையும் ஒரே தூணாக இணைத்தார். 1950இல் அறிமுகமான ஃபோர்டு கான்சல் அம்முறையில் அமைந்தது. சாகா, விரா ஆகியவற்றின் முன்சக்கரங்களில் இருப்பதும் இந்த அமைப்பே.

1996இல் புரோட்டோன் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைத் தன்வசமாக்கியது. சத்ரியா ஜிடிஐ காரின் ஓட்டத்தைச் செம்மை செய்தவர்கள் லோட்டஸ் பொறியாளர்கள். அத்தகையோர் வில்லைத் தனியே தேர்ந்தெடுப்பதில்லை. வில்லும் அப்சோபரும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

அந்தக் கணக்கைச் சிறிது பார்ப்போம். சக்கரம் மேலெழும்ப 8 செண்டிமீட்டர் இடம் இருப்பதாகக் கொள்வோம். 4 செண்டிமீட்டர் தாழ்த்தினால் மீதம் பாதி. அதே அடியைப் பாதித் தூரத்தில் வில் தாங்க வேண்டுமானால், அது நான்கு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் ஸ்போர்ட் ஸ்பிரிங் அவ்வளவு விறைப்பாக இருப்பதில்லை. இருந்தால் வண்டியில் உட்கார முடியாது. ஆகவே பெரிய குழியில் அடிக்கடி ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். பழைய அப்சோபரோ மென்மையான பழைய வில்லை அடக்கச் செய்யப்பட்டது. விறைப்பான புதிய வில் எகிறும்போது அதனால் பிடித்து நிறுத்த முடிவதில்லை. நாளடைவில் அதன் அடைப்பு தளர்ந்து எண்ணெய் கசியத் தொடங்கும்.

நான் கற்ற பாடம்

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 2000களின் நடுவில், பயிற்சி முடித்து முதல் பணியிடம் கிடைத்த காலத்தில், நானும் ஒரு விராவுக்கு ஸ்போர்ட் ஸ்பிரிங் மாட்டினேன். ‘ஸ்டாண்டர்ட் அப்சோபரே போதும்’ என்றார் பட்டறைக்காரர். என் காதுக்கும் அதுவே இனித்தது. முதல் வாரம் பெருமை. அதன்பின் தாமான் வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியின் அடிவயிறு உரசியது. சக்கரக் கோணத்தைச் சரிபார்க்காததால் டயர்கள் உட்புறமாகத் தேய்ந்தன. அப்சோபரில் எண்ணெய் வழிந்ததை நான் கவனிக்கவில்லை.

ஒரு மாலை, மழையில், கூட்டரசு நெடுஞ்சாலையின் வளைவு ஒன்றில் சாலை சற்றே மேடுபள்ளமாக இருந்தது. வண்டி ஒருமுறை எகிறியது. அடங்காமல் மறுமுறையும் எகிறியது. அந்த நொடியில் பின்சக்கரம் தரையை விட்டுப் பக்கத்துத் தடத்துக்கு வழுக்கியது. அத்தடத்தில் அப்போது வண்டி ஏதும் இல்லை. பின்னிருக்கையில் என் அக்காள் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். அவள் விழிக்கவே இல்லை. எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இதைத்தான் அந்த இளைஞனிடம் சொன்னேன். தாழ்த்தாதே என்று சொல்லவில்லை. ஒரு தாளில் சக்கரம், வில், அப்சோபர் மூன்றையும் வரைந்து காட்டினேன். தாழ்த்துவதானால் சிறிதளவே தாழ்த்த வேண்டும்; வில்லுக்குப் பொருத்தமான அப்சோபரைச் சேர்த்தே வாங்க வேண்டும்; பிறகு சக்கரக் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும்; வில்லை அறுப்பது கூடவே கூடாது, சக்கரம் தொங்கும்போது அது இருக்கையை விட்டு நழுவக்கூடும்; சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளை முதலில் கேட்டறிய வேண்டும் என்றேன்.

நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவன், “அப்போ ரெண்டும் ஜோடியா, ஐயா? கடையில யாருமே இப்படிச் சொல்லலையே” என்றான். இரண்டையும் சேர்த்து வாங்கும்வரை வண்டி இப்படியே ஓடட்டும் என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அவன் தாயாருக்கு இதில் முழு நிறைவில்லை. “எப்படியும் தாழ்த்தத்தான் போறான்” என்று முணுமுணுத்தார். இருக்கலாம்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! நம் பிள்ளைகள் வண்டியை நேசிக்கிறார்கள். அந்த நேசத்தின் வழியே ஹூக்கின் விதியை நாம் சொல்லித் தரலாம். அய்யன்காளியின் வரலாற்றையும் சொல்லலாம். ‘ரௌடி’ என்ற ஒரே சொல்லோடு பேச்சை முடித்துவிட்டால், மீதியை அவர்களுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலைதான் கற்பிக்கும். நான் அங்கே கற்றவன் என்பதால் சொல்கிறேன்.