அண்ணா சாலையின் பழைய வணிகக் கட்டிடங்கள்

சென்னையில் மவுண்ட் ரோடு என்று வழங்கிய அண்ணா சாலையின் இருமருங்கிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடைக் கட்டிடங்கள் எழத் தொடங்கின. புனித ஜார்ஜ் கோட்டைக்கும் பரங்கிமலைக்கும் இடையே போய்வந்த ஆங்கிலேய அதிகாரிகளும் படையினரும்தான் இவற்றின் தொடக்ககால வாடிக்கையாளர்கள்.

1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, 1904இல் கட்டிய மாளிகையில் இன்றும் நடக்கிறது. உயர்ந்த கூரையும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பதித்த பளிங்குத் தரையும் அதன் அடையாளம். கடிகார வணிகரான பி. ஆர் அண்ட் சன்ஸ் கட்டிடத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோல்ம். கடைக்கு ஏற்றாற்போல் அதன் உச்சியில் மணிக்கூண்டு நிற்கிறது. ஸ்பென்சர் பல்பொருள் அங்காடியின் 1895ஆம் ஆண்டுக் கட்டிடம் 1980களில் தீக்கிரையானது. அந்த இடத்தில் ஸ்பென்சர் பிளாசா வணிக வளாகம் எழுந்தது.

இவற்றுள் மிக அழகியது, மிகவும் அல்லல்பட்டதும்கூட, பாரத் இன்சூரன்ஸ் கட்டிடமே. மருந்து வணிகர் டபிள்யூ. ஈ. ஸ்மித்துக்காக ஜே. எச். ஸ்டீபன்ஸ் இந்தோ-சாரசெனிக் பாணியில் வடிவமைத்தது; 1897இல் முடிந்தது. 1934இல் பாரத் காப்பீட்டு நிறுவனத்திடமும், காப்பீடு நாட்டுடைமையான 1956க்குப் பின் எல்.ஐ.சி.யிடமும் சேர்ந்தது. 2006இல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் சென்று தடை வாங்கியது. அதற்குள் கணிசமான பகுதி சிதைந்துவிட்டது. நகரத்துக்கு இது பேரிழப்பு.

2010இல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டிடத்தைக் காக்கும்படி தீர்ப்பளித்தது.