சூல்வித்தகத்தின் இன்சுலின் ஏற்பிகள்

சூல்வித்தகத்தின் இன்சுலின் ஏற்பிகள் என்பவை, சூல்வித்தகத்தின் (நஞ்சுக்கொடியின்) உயிரணு மென்சவ்வுகளில் அமைந்து, இன்சுலின் என்னும் இயக்குநீரைப் பிணைக்கும் புரதங்கள் ஆகும். கருக்காலம் முன்னேறும்போது இவை மிகுந்து காணப்படும் இடம் மாறுகிறது. இதனால், தொடக்கத்தில் தாயின் இன்சுலினுக்குத் துலங்கும் சூல்வித்தகம், பிற்பகுதியில் பெரிதும் முதிர்கருவின் இன்சுலினுக்குத் துலங்குகிறது.

அமைப்பு

ஒவ்வோர் ஏற்பியிலும் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா என நான்கு துணையலகுகள் உள்ளன. ஆல்ஃபா துணையலகுகள் உயிரணுவுக்கு வெளியே இன்சுலினைப் பிணைக்கின்றன. பீட்டா துணையலகுகள் மென்சவ்வை ஊடுருவிச் சென்று, உட்புறத்தில் டைரோசின் கைனேசு நொதியாகச் செயற்படுகின்றன. இவ்வேற்பிக்கான மரபணு 19ஆம் நிறப்புரியில் உள்ளது. சூல்வித்தகத்தில் இவை மிகுதியாக இருப்பதால், 1985ஆம் ஆண்டில் இவ்வேற்பியின் அமினோ அமில வரிசை மனித சூல்வித்தகத்திலிருந்து பெற்ற மரபுப்பொருளைக் கொண்டே அறியப்பட்டது.

இட மாற்றம்

முதல் மூன்று மாதங்களில், தாயின் குருதியில் தோய்ந்திருக்கும் சூல்வித்தக விரலிகளின் வெளிப்படலத்தில் இவ்வேற்பிகள் மிகுந்துள்ளன. பேறுகாலம் நெருங்கும்போது, விரலிகளுக்குள் ஓடும் முதிர்கருவின் குருதிக்குழல்களின் உட்சுவரில் மிகுதியாகக் காணப்படுகின்றன. ஆஸ்திரியாவின் கிராத்சு நகர ஆய்வாளர்கள் 1994இல் இதனை விளக்கினர்.

கருக்கால நீரிழிவு

தாயின் இன்சுலின் குறிப்பிடத்தக்க அளவில் சூல்வித்தகத்தைக் கடப்பதில்லை. ஆனால் குளுக்கோசு, கடத்திப் புரதங்களின் வழியே எளிதில் கடக்கிறது. எனவே தாயின் குருதியில் குளுக்கோசு உயர்ந்தால் முதிர்கருவிலும் உயர்கிறது. அதன் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரக்க, உடலில் கொழுப்பு சேர்ந்து குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கக்கூடும். இக்கருதுகோளை டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்தார். 9 நாடுகளில் ஏறத்தாழ 25,000 கருவுற்ற பெண்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, நீரிழிவு எனக் கருதப்படும் அளவுக்குக் கீழேயும் தாயின் குளுக்கோசு உயர உயரக் குழந்தையின் எடை கூடுவதைக் காட்டியது.

தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் குளுக்கோசு வரத்து நின்றுவிடுகிறது. குழந்தையின் இன்சுலின் சுரப்போ உடனே குறைவதில்லை. இதனால் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். ஆகவே நீரிழிவுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு முதல் மணிநேரங்களில் குருதிச் சர்க்கரை சோதிக்கப்படுகிறது.

தாய்க்கு ஊசிவழி அளிக்கப்படும் இன்சுலின் முதிர்கருவைப் பெரிதும் அடைவதில்லை என்பதால், உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் போதாதபோது அது மருந்தாகப் பயன்படுகிறது.