பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா: ஒட்டிப் பரவும் கண் நோயும் மார்க்கத் தெளிவும்

 

துறையூர்ப் பக்கம் கண் வலி பரவும் நாட்களில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே வாதத்தைக் கேட்கிறேன். கண் சிவந்து பூளை கட்டிய பிள்ளையை மக்தபுக்கு அனுப்பிவிட்டு, "தொற்று இல்லை என்று ஹதீஸே இருக்கிறதே ஹஜ்ரத், அப்புறம் ஏன் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறீர்கள்?" என்பார்கள். ஹதீஸ் இருப்பது உண்மைதான். ஆனால் அது பாதி. மீதியைச் சொல்வதற்கு முன், ஒட்டிப் பரவும் கண் நோய்களிலேயே மிகக் கொடியதைப் பற்றி அறிந்துகொள்வோம்.

அதன் பெயர் டிரக்கோமா. கிளமிடியா டிரக்கோமாட்டிஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. நாம் "மெட்ராஸ் ஐ" என்று சொல்லும் கண் வலி பெரும்பாலும் வைரஸால் வந்து, ஓரிரு வாரங்களில் தானே ஆறிவிடும். டிரக்கோமா அப்படியல்ல. ஒருமுறை வந்தால் பெரிய துன்பம் தெரியாது: கண் உறுத்தும், நீர் வடியும், மேல் இமையின் உட்புறம் சிறு மணிகளைப் போலத் தடித்திருக்கும். குழந்தைப் பருவத்தில் இது திரும்பத் திரும்பத் தொற்றும்போதுதான் ஆபத்து. ஒவ்வொரு முறையும் இமையின் உட்புறத்தில் தழும்பு கூடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தத் தழும்பு சுருங்கி, இமை விளிம்பை உள்நோக்கி மடக்குகிறது. வெளியே பார்த்து நிற்க வேண்டிய இமைமுடி உள்ளே திரும்பி, கண் சிமிட்டும்போதெல்லாம் கருவிழியை உரசுகிறது. உரசி உரசிக் கருவிழி வெண்மையாகி, பார்வை போய்விடுகிறது. அப்படிப் போன பார்வையைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். நோய் தொற்றுவது ஐந்து வயதில், பார்வை போவது நாற்பது வயதில் என்பதால்தான் இரண்டையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. உலகில் சுமார் 19 லட்சம் பேர் இதனால் பார்வை இழந்தோ பார்வை குறைந்தோ இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பரவும் வழி மிக எளிது. நோயுள்ள பிள்ளையின் கண்ணிலும் மூக்கிலும் வடியும் நீர் விரலில் படுகிறது, துண்டில் படுகிறது, தலையணையில் படுகிறது. அதில் மொய்த்த ஈ அடுத்த பிள்ளையின் முகத்தில் உட்காருகிறது. ஆண்களைவிடப் பெண்கள் இந்நோயால் பார்வை இழக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு வரை அதிகம் என்கிறார்கள். பிள்ளையைத் தூக்கி, தன் முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்து, அதே முந்தானையால் தன் கண்ணையும் துடைப்பவள் தாய்தானே!

இது பழைய நோய். பக்தாதில் வாழ்ந்த கண் மருத்துவர் அலீ இப்னு ஈஸா (ரஹ்) சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய "தத்கிரத்துல் கஹ்ஹாலீன்" நூலில் இதனை "ஜரப்" என்ற பெயரில் வகை பிரித்து விளக்கியிருக்கிறார். 1798-ல் எகிப்துக்குச் சென்ற நெப்போலியனின் படையும் அதனை எதிர்த்த ஆங்கிலேயப் படையும் கண் நோயோடு ஐரோப்பா திரும்பின. அந்தப் பரவலையொட்டி 1805-ல் லண்டனில் தனிக் கண் மருத்துவமனை எழுந்தது. 1819-ல் சென்னையிலும் ஒன்று தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. நோய்க்கிருமியை முதன்முதலில் வளர்த்துக் காட்டியவர் சீன அறிஞர் டாங் ஃபெய்ஃபான், 1957-ல். அதுதான் காரணம் என்று நிரூபிக்கத் தன் கண்ணிலேயே கிருமியை விட்டுப் பார்த்தார் அவர்.

நம் நாட்டில் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், குஜராத் போன்ற வறண்ட வட பகுதிகளில்தான் இது கடுமையாக இருந்தது, தெற்கே குறைவு. 1963-ல் தேசிய டிரக்கோமா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1971-ல் நாட்டின் பார்வையிழப்பில் 5 சதவீதத்துக்கு இந்நோய் காரணமாக இருந்தது. பிறகு ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2024 அக்டோபரில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்தியா டிரக்கோமாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. முஸ்லிம் நாடுகளில் ஓமன் 2012-லேயே உலகில் முதலாவதாக இந்த நிலையை எட்டியது. மொராக்கோ 2016-ல், சவூதி அரேபியா 2022-ல். "ஒழித்தது" என்றால் ஒருவருக்குக்கூட இல்லை என்று பொருளல்ல. ஒன்று முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாக நோய் இருக்க வேண்டும், பெரியவர்களில் இமைமுடி உள்திரும்பியோர் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பதே அளவுகோல்.

இதற்குக் கையாண்ட வழி நான்கு: திரும்பிய இமைக்கு அறுவை சிகிச்சை, அசித்ரோமைசின் மருந்து, முகச் சுத்தம், தண்ணீர் மற்றும் கழிப்பிட வசதி. மூன்றாவதைப் படித்தபோது நான் வியந்துபோனேன். உளூவில் முகம் கழுவும்போது கண்ணின் ஓரங்களில் தண்ணீர் சேர வேண்டும், தண்ணீர் சேர்வதைத் தடுக்கும் பூளையை அகற்ற வேண்டும் என்று நம் ஃபிக்ஹ் நூல்களில் தனியாகவே பேசப்படுகிறது. நபி (ஸல்) அவர்கள் கண்ணோரங்களைத் தடவிக் கழுவியதாக அபூதாவூதில் அறிவிப்பு உண்டு. ஆனால் இந்நோய் குடியிருப்பது உளூ செய்யும் வயதுக்கு வராத சிறு பிள்ளைகளிடம். அவர்கள் முகத்தைக் கழுவிவிடுவது பெற்றோர் கையில்தான்.

இப்போது ஹதீஸுக்கு வருவோம். "தொற்று இல்லை" என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது ஒரு கிராமவாசி, மான்களைப் போலத் திடமாக இருக்கும் ஒட்டகங்களுக்கிடையே சொறி பிடித்த ஒட்டகம் புகுந்து எல்லாவற்றையும் சொறியாக்கிவிடுகிறதே என்று கேட்டார். முதல் ஒட்டகத்துக்குத் தொற்ற வைத்தது யார் என்று திருப்பிக் கேட்டார்கள் நபியவர்கள். அந்தச் சொறிக்கும் அரபியில் "ஜரப்" என்றே பெயர்; கண் மருத்துவர்கள் இமை நோய்க்கு வைத்த அதே சொல். இதே நபி (ஸல்) அவர்கள்தான் நோயுள்ள ஒட்டகத்தை ஆரோக்கியமானவற்றிடம் கொண்டுவர வேண்டாம் என்றும், தொழுநோயாளியை விட்டு விலகும்படியும் சொன்னார்கள். இமாம் பைஹகீ, இப்னுஸ் ஸலாஹ், நவவீ (ரஹ்) முதலியோர் இரண்டையும் இணைத்து விளக்குகிறார்கள்: நோய் தன் சொந்த ஆற்றலால் தொற்றுவதில்லை, அல்லாஹ் வைத்த காரணங்களின் வழியே அவன் நாட்டப்படி பரவுகிறது, எனவே காரணத்தைத் தவிர்ப்பது சுன்னத்துக்கு முரணல்ல. முதல் ஹதீஸை மட்டும் சொல்லி இரண்டாவதை விடுவது நியாயமல்ல.

ஆகவே கண் வலி வந்த பிள்ளை ஆறும் வரை மக்தபுக்கு வர வேண்டாம். பாடம் எங்கும் போய்விடாது. வீட்டில் ஆளுக்கொரு துண்டு இருக்கட்டும். ஒரே சுர்மா குச்சியை எல்லோர் கண்ணிலும் இடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சுர்மா சுன்னத்து, குச்சியைப் பங்கிடுவது சுன்னத்தல்ல. கடையில் விற்கும் சுர்மா சிலவற்றில் ஈயம் இருக்கிறது. குழந்தைகளுக்கு அது கூடவே கூடாது. சில பள்ளிவாசல்களில் உளூ செய்துவிட்டுத் துடைக்க ஒரு பொதுத்துண்டு தொங்கும். நிர்வாகிகள் அதை எடுத்துவிடுவது நல்லது. ஹவுளில் உள்ள தண்ணீர் இரு குல்லத் அளவோ, ஹனஃபீ மத்ஹபின்படி பத்துக்குப் பத்து முழமோ இருந்தால் மார்க்கப்படி சுத்தம்தான். ஆனாலும் கண் வலி உள்ளவர் குழாயில் உளூ செய்யட்டும்.

நம் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கை. நெல் அறுக்கும்போது தாளோ தூசியோ குத்திக் கருவிழியில் பூஞ்சைப் புண் வருவது உண்டு. இது ஒட்டாது, ஆனால் பார்வையைப் பறிக்கும். தாய்ப்பால் விடுவது, மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடுவது இரண்டும் அதை மோசமாக்கும். துறையூர் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தேவைப்பட்டால் திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையோ ஜோசப் கண் மருத்துவமனையோ இருக்கிறது. வயதானவர்கள் கண்ணில் முடி குத்துகிறது என்று அடிக்கடி பிடுங்கிக்கொண்டிருந்தாலும் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கடைசியாக, அடிக்கடி கேட்கப்படும் இரண்டு மஸ்அலாக்கள். நோன்பில் கண் சொட்டு மருந்து விட்டால் ஷாஃபியீ, ஹனஃபீ இரு மத்ஹபிலும் நோன்பு முறியாது, தொண்டையில் கசப்புத் தெரிந்தாலும் சரி. ரமளானில் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால், ஷாஃபியீ மத்ஹபினர் மற்ற இடங்களைக் கழுவி, கழுவாத பகுதிக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். ஹனஃபீ மத்ஹபினர் மற்றவற்றைக் கழுவி, அந்த இடத்தில் ஈரக்கையால் தடவ வேண்டும். தடவுவதும் கெடுதல் என்றால் அதையும் விட்டுவிடலாம்.