கிளாவரின் துபாஷிகள்

போன வாரம், 1741 மார்ச்சில் வந்த பிரிட்டிஷ் அட்மிரல் வெர்னனின் 180க்கும் மேற்பட்ட கப்பல்களை, இன்றைய கொலம்பியாவிலுள்ள கர்தஹேனா துறைமுக வாசலில் நிறுத்தியிருந்தோம். ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் காலும் கொண்ட ஸ்பானியத் தளபதி பிளாஸ் தெ லேசோ அவற்றை விரட்டியடித்த கதையைத்தான் இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். வெர்னனின் ஆட்கள் ஏறிப் பிடித்த லா போபா மலைமேல் ஒரு மாதா மடம் இருக்கிறது. அதிலிருந்து ஊரின் மற்றக் கோயில்களைத் தேடப்போய், சான் பெத்ரோ கிளாவர் ஆலயத்தில் மாட்டிக்கொண்டேன். பீரங்கிகள் அடுத்த வாரம் வெடிக்கட்டும்.

அங்கே பலிபீடத்துக்கு அடியில் கண்ணாடிப் பேழைக்குள் கிளாவரின் எலும்புகள் இருக்கின்றன. கத்தலோனியாவில் பிறந்து 1610இல் இங்கு வந்திறங்கிய இயேசு சபைக்காரர். அடிமைக் கப்பல் வந்துவிட்டது என்று தெரிந்தால் போதும், படகேறிவிடுவார். கையில் எலுமிச்சை, ஆரஞ்சு, பிஸ்கட், புகையிலை, கொஞ்சம் பிராந்தி. கப்பலின் அடித்தட்டில் கிடக்கும் நோயாளிகளுக்குத் தன் அங்கியையே விரிப்பார். பாவசங்கீர்த்தனத்துக்கு வரும் சீமாட்டிகளைக் காக்கவைத்துவிட்டு அடிமைகளை முதலில் அழைப்பார். 1622இல் இறுதி வார்த்தைப்பாட்டுப் பத்திரத்தில் ‘என்றென்றும் ஆப்பிரிக்கர்களின் அடிமை’ என்று கையெழுத்திட்டவர். 3 லட்சம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்கிறார்கள். அந்தக் கணக்கை நான் அப்படியே விழுங்கமாட்டேன். மனிதர் மட்டும் அசல்.

கடைசி நான்கு வருடம் நடுக்குவாதத்தில் படுத்த படுக்கை. பார்த்துக்கொள்ள வைத்த ஆளே அவரைப் பட்டினி போட்டான். 1654இல் உயிர் போகப்போகிறது என்றதும், எட்டிப் பார்க்காத ஊர் திரண்டு வந்து அறையிலிருந்ததையெல்லாம் புனிதப் பொருளென்று அள்ளிக்கொண்டு போனது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? அங்கோலாவிலிருந்தும் கினிக் கரையிலிருந்தும் வந்தவர்களிடம் அவர் தனியாகப் பேசியிருக்க முடியாது. துபாஷிகள் கூடவே போனார்கள். அவர்களும் அடிமைகள்தான், இயேசு சபைக் கல்லூரி காசு கொடுத்து வாங்கியவர்கள். தங்களை ஏற்றிவந்த அதே மாதிரிக் கப்பலின் அடித்தட்டுக்குள், கட்டளைப்படி, மறுபடியும் மறுபடியும் இறங்கியவர்கள். கிளாவர் இறந்த பின் புனிதர் பட்ட விசாரணையில் அங்கோலாக்காரர் அந்திரேஸ் சக்காபுச்சே போன்றவர்கள் சாட்சி சொன்னார்கள். 1888இல் திருத்தந்தை 13ஆம் லியோ கிளாவரைப் புனிதராக்கினார். பாதிப் புண்ணியம் துபாஷிகளுக்குச் சேரவேண்டியது என்பேன்; அவர்களில் ஒருவருக்கும் பீடம் கிடைக்கவில்லை.

கிளாவர் அடிமைகளைத் தொட்டுத் துடைத்தார், அடிமை வியாபாரத்தைத் தொடவில்லை. காலம் அப்படி என்று சமாதானம் சொல்பவர்கள் ஹவானாவையும் பார்க்கவேண்டும். 1681இல் அங்கே ஹாக்கா, மொய்ரான்ஸ் என்ற இரண்டு கப்புச்சின் துறவிகள், ஆப்பிரிக்கர்களை அடிமையாக வைத்திருப்பதே அநியாயம் என்று பிரசங்கித்தார்கள். விடுவிக்காத எஜமானர்களுக்குப் பாவமன்னிப்பு கிடையாது என்றார்கள். திருச்சபை அதிகாரிகளே அவர்களைப் பிடித்து அடைத்து, ஸ்பெயினுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.

(தொடரும்)